எந்த மீனோடு எந்த மீன்?



பல வருடங்களுக்கு முன் என்னிடம் பத்தாம் வகுப்பு படித்தவர் ஒருவர் இப்போது ஏற்காட்டில் குடியிருக்கிறார். மகளின் பிறந்தநாளுக்கு இரண்டடி நீளக் கண்ணாடித் தொட்டி ஒன்று வாங்கிக் கொடுத்தாராம். சேலத்தில் கடைக்குப் போய் மகள் கை காட்டியதையெல்லாம் வாங்கிப் போட்டிருக்கிறார்: கோல்டு ஃபிஷ் இரண்டு, டைகர் பார்ப் நான்கு, ஏஞ்சல் ஒரு ஜோடி, நியான் ஆறு, ஃபைட்டர் ஒன்று, கண்ணாடியில் படியும் பாசியைத் தின்ன சக்கர் ஒன்று. பத்து நாளில் பாதி போய்விட்டது. "சார், எந்த மீனோடு எந்த மீன் சேரும்?" என்று வாட்ஸ்அப்பில் கேட்டிருந்தார்.

வரலாற்று வாத்தியாரிடம் மீனைப் பற்றிக் கேட்டால் வரலாறுதான் வரும். தெரிந்துதானே கேட்டிருக்கிறார். அவருக்கு எழுதத் தொடங்கியது நீண்டுவிட்டது, எல்லோரும் படிக்கட்டும் என்று இங்கேயே போடுகிறேன்.

இந்தக் கேள்வி வீட்டுக் கூடத்துத் தொட்டியோடு பிறந்ததல்ல. நம் தமிழ்நாட்டு மலை ஏரிகளிலும் அணைகளிலும் குளங்களிலும் அரசாங்கமே இதே கேள்வியைக் கேட்டு, நூற்றைம்பது வருடமாக விடை எழுதிப் பார்த்திருக்கிறது. சில விடை சரி, பல விடை தப்பு. தொட்டியில் தப்பு நடந்தால் பத்து மீன் சாகும். ஏரியில் எழுதிய விடையை அழிக்க ரப்பர் கிடையாது. அதனால் இரண்டையும் சேர்த்தே சொல்கிறேன்.

முதலில் தொட்டி. 1849-ல் லண்டனில் ராபர்ட் வாரிங்டன் என்ற வேதியியலாளர் பன்னிரண்டு காலன் தண்ணீர் கொள்ளும் பாத்திரம் ஒன்றில் இரண்டு சின்னத் தங்கமீன்களை விட்டார். கூடவே நாடா போல நீண்ட இலையுள்ள வாலிஸ்னேரியா என்ற நீர்ச்செடியை நட்டார். மீன் விடும் கரியமில வாயுவைச் செடி எடுத்துக்கொள்ளும், செடி விடும் பிராணவாயுவை மீன் எடுத்துக்கொள்ளும், தண்ணீரை மாற்றவே வேண்டாம் என்பது அவர் கணக்கு. கணக்கு சரிதான். ஆனால் சில நாளில் செடியின் பழைய இலைகள் அழுகித் தண்ணீர் கலங்கியது. மனிதர் தண்ணீரைக் கொட்டவில்லை, குளத்திலிருந்து ஐந்தாறு நத்தைகளைக் கொண்டுவந்து விட்டார். நத்தை அழுகிய இலையைத் தின்றது, நத்தையின் முட்டையை மீன் தின்றது, தண்ணீர் தெளிந்தது. 1850-ல் இதை வேதியியல் சங்கத்தில் கட்டுரையாகச் சமர்ப்பித்தார். 1853-ல் லண்டன் விலங்குக் காட்சிசாலையில் மீன்களுக்கென்று கண்ணாடி வீடு திறந்தார்கள். அடுத்த வருடம் பிலிப் காஸ் எழுதிய புத்தகத்தால் 'அக்வேரியம்' என்ற சொல் வீட்டுக்கு வீடு புழங்கியது.

ஆக, முதல் நல்ல தொட்டியில் இருந்தது ஒரே வகை மீன்தான். அதற்குச் சரியான துணையாக அமைந்தது இன்னொரு மீன் அல்ல, நத்தை. கடைக்குப் போகும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு சின்னக் கிளைக்கதை. இந்த வாரிங்டனின் மகன் பெயரும் ராபர்ட் வாரிங்டன்தான். அவர் ராத்தம்ஸ்டெட் வேளாண் ஆய்வு நிலையத்தில் மண்ணை ஆராய்ந்து, அம்மோனியா நைட்ரைட் ஆவதற்கு ஒரு நுண்ணுயிர், நைட்ரைட் நைட்ரேட் ஆவதற்கு வேறொரு நுண்ணுயிர் என்று காட்டினார். புதுத் தொட்டியில் முதல் மாதம் மீன் சாவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம். மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியா விஷம். அதைத் தின்று மாற்றும் நுண்ணுயிர்கள் தொட்டிக்குள் பெருகுவதற்கு நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். அதற்கு முன் பதினாறு மீனை ஒரே நாளில் கொட்டினால், அவை ஒன்றோடொன்று எவ்வளவு சிநேகமாக இருந்தாலும் பயனில்லை. தந்தை தொட்டியைச் செய்தார், தொட்டி ஏன் கெடுகிறது என்பதன் விடை மகன் ஆராய்ந்த மண்ணில் இருந்தது. பாடப்புத்தகத்தில் இதெல்லாம் வராது.

இனி நம் நாட்டுக்கு வருவோம். பிரான்சிஸ் புக்கானன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவரை என் மாணவர்கள் மறந்திருக்க மாட்டீர்கள். 1800-ல் சென்னையிலிருந்து மைசூர், கொங்கு நாடு, மலபார் என்று சுற்றி, ஈரோடு, பவானி வழியாக எல்லாம் போய், பார்த்ததையெல்லாம் எழுதிவைத்தவர். அவரே பிற்காலத்தில் ஹாமில்டன் என்று பெயர் சேர்த்துக்கொண்டு 1822-ல் கங்கை மீன்களைப் பற்றிப் பெரிய நூல் ஒன்று வெளியிட்டார். இன்று கடையில் 'ஜீப்ரா' என்று விற்கும் வரிக்குதிரை மீனும், 'ரோசி பார்ப்' என்று விற்கும் சிவப்புக் கெண்டையும் உலகுக்கு அறிமுகமானது அந்த ஒரே புத்தகத்தில்தான். இரண்டும் வட இந்திய ஆறுகளிலும் குளங்களிலும் கிடைப்பவை. அங்கே மார்கழி, தையில் தண்ணீர் நன்றாகக் குளிரும். ஏற்காட்டுக்காரர்களுக்கு இந்தச் செய்தி முக்கியம், பின்னால் வருகிறேன்.

தென்னிந்திய மீன்களை வரிசைப்படுத்தியவர்களில் இருவரைச் சொல்ல வேண்டும். ஒருவர் ஜெர்டன். 1849-ல் சென்னையில் வெளிவந்த ஆய்விதழ் ஒன்றில் தென்னாட்டு நன்னீர் மீன்களைப் பற்றி எழுதினார். நம் காவிரியின் கருமுழிக் கெண்டைக்கு அறிவியல் பெயர் வைத்தவர் அவர்தான். இன்னொருவர் பிரான்சிஸ் டே, சென்னை ராணுவத்தில் மருத்துவர். 1867-ல் நீலகிரி மலை மீன்களைப் பற்றியும், 1875 முதல் 1878 வரை இந்திய மீன்கள் முழுவதையும் பற்றியும் எழுதினார். இந்திய மீன்வளத் துறைக்கே தலைமைக் கண்காணிப்பாளராகவும் இருந்தார்.

மலை ஏறிய வெள்ளைக்காரர்களுக்கு ஒரு குறை இருந்தது. தூண்டில் போட்டுப் பிடிக்கும்படியான மீன் மேலே இல்லை. நம் மலை ஓடைகளில் இருப்பது பெரும்பாலும் விரல் நீள மீன்கள். கிழக்குத் தொடர்ச்சி மலை ஓடை ஒன்றில் கொஞ்ச நேரம் அசையாமல் உட்கார்ந்து பாருங்கள். மேலே, நீர் சுழித்து ஓடும் இடத்தில், நீலமும் மஞ்சளும் கலந்த கோடு போட்ட சிறுமீன்கள் கூட்டமாகத் திரியும். அடியில் பாறையோடு ஒட்டிக்கொண்டு, தாடைக்குக் கீழே உறிஞ்சுதட்டு வைத்துக்கொண்டு, பாசியைச் சுரண்டித் தின்னும் மீன் ஒன்று இருக்கும். மணலுக்குள் மீசையை விட்டுத் துழாவுவது அயிரை. மேலே வந்து விழும் பூச்சி ஒருவருக்கு, கல்லில் படியும் பாசி ஒருவருக்கு, மணலில் ஒளிந்த புழு ஒருவருக்கு. ஒன்றின் தட்டில் இன்னொன்று கை வைப்பதில்லை. எந்த மீனோடு எந்த மீன் என்ற கேள்விக்கு ஓடை எழுதிய விடை இது. இது எழுதப்பட எத்தனை ஆயிரம் வருடம் ஆயிற்றோ.

தூண்டில்காரர்களுக்கு இது கண்ணில் படவில்லை. ஓடையைக் காலி என்றே நினைத்தார்கள். 1860-களில் டே இங்கிலாந்திலிருந்து டிரவுட் மீனின் முட்டைகளை நீலகிரிக்குக் கொண்டுவர முயன்று தோற்றார். 1870-களில் டென்ச், குரூசியன் கெண்டை என்ற இங்கிலாந்து மீன்கள் ஊட்டி ஏரிக்கு வந்தன. டிரவுட் கடைசியில் எச். சி. வில்சன் என்பவரால் வெற்றிகரமாக வளர்ந்தது. 1907-ல் அவலாஞ்சியில் அதற்கென்று பொரிப்பகம் அமைந்தது. 1939-ல் இலங்கையிலிருந்து கண்ணாடிக் கெண்டை ஊட்டி ஏரிக்கு வந்து, அங்கிருந்து வேறு மலை ஏரிகளுக்கும் போயிற்று. இது அடிமண்ணைக் கிளறித் தின்னும் சாதி. இது கிளறும் இடத்தில் செடி வேர் பிடிக்காது, தண்ணீர் தெளியாது.

"டிரவுட்டை ஏன் ஏற்காட்டில் விடவில்லை?" என்று சுற்றுலாவுக்கு அழைத்துப் போகும்போதெல்லாம் எவனாவது ஒருவன் கேட்பான். உயரம்தான் விஷயம். ஊட்டி 2,240 மீட்டர், ஏற்காடு சுமார் 1,515 மீட்டர். ஆயிரம் மீட்டருக்கு ஆறு, ஆறரை டிகிரி என்று கணக்குப் போட்டால் நம் சேர்வராயன் மலை ஊட்டியை விட நான்கைந்து டிகிரி கூடுதல் சூடு. மனிதனுக்கு அது இதமான வித்தியாசம், குளிர்நீர் மீனுக்கு உயிர் போகும் வித்தியாசம். மலை என்றால் எல்லாம் ஒரே மலை இல்லை.

இதற்கிடையே சமவெளியில் வேறு கதை. மலேரியாவைக் கொசு பரப்புகிறது என்று ரொனால்டு ராஸ் 1897-ல் செகந்திராபாத்தில் கண்டுபிடித்த பிறகு, கொசுப்புழுவைத் தின்னும் மீனைத் தேடினார்கள். 1912-ல் கல்கத்தா இந்திய அருங்காட்சியகத்தைச் சேர்ந்த சீவெல், சௌதுரி இருவரும் நம் நாட்டு மீன்களிலேயே எவை கொசுப்புழுவைத் தின்னும் என்று பட்டியல் போட்டுக் கொடுத்தார்கள். நெற்றியில் வெள்ளிப்பொட்டு வைத்தது போல நீர்ப்பரப்பிலேயே நிற்குமே ஒரு சின்ன மீன், நம் கிணறுகளில் பார்த்திருப்பீர்கள், அது அந்தச் சாதி. பட்டியல் இருந்தும் 1928-ல் இத்தாலியிலிருந்து பெங்களூருக்கு கம்பூசியா வந்தது. அமெரிக்காவைப் பூர்வீகமாகக் கொண்டது. கொசுப்புழுவைத் தின்னும், மறுப்பதற்கில்லை. கூடவே மற்ற மீன்களின் முட்டை, குஞ்சு, துடுப்பு எல்லாவற்றையும் கடிக்கும். கையில் இருந்ததை விட்டுவிட்டு வெளியூரில் தேடியதற்கு நம் வரலாற்றில் உதாரணம் நிறைய உண்டு. இதையும் அந்தக் கணக்கில் எழுதிக்கொள்ளுங்கள்.

1952-ல் வந்தது திலேப்பியா. சேலம் சந்தையில் 'ஜிலேபி' என்று கூப்பிடுவோமே, அதேதான். ஆப்பிரிக்க மீன். ஏழைக்குப் புரதம் கிடைக்கட்டும் என்ற நல்ல எண்ணத்தில்தான் கொண்டுவந்தார்கள். ஆனால் இதன் தாய் முட்டைகளை வாய்க்குள் வைத்துக் காக்கிறது, இரண்டு மூன்று மாதத்திலேயே குஞ்சும் இனப்பெருக்கத்துக்குத் தயாராகிறது. மற்ற மீன் வருடத்துக்கு ஒருமுறை வெள்ளம் வரும்போது முட்டையிட்டுக் காத்திருக்க, இது வருடம் முழுக்கப் பெருகிக்கொண்டே இருக்கும். தமிழ்நாட்டு அணைகள் பலவற்றில் வலையில் விழுவதில் பெரும்பங்கு இதுவாகிவிட்டது. நான் குழம்புக்கு இதை வேண்டாம் என்பவன் இல்லை. ஆனால் அழைத்த விருந்தாளி வீட்டுப் பத்திரத்தையே எழுதி வாங்கிக்கொண்ட கதை இது.

எல்லாமே தப்பாகிவிடவில்லை. சரியாக எழுதிய விடையும் ஒன்று உண்டு, அதற்குப் பெயர் கூட்டு மீன் வளர்ப்பு. இதன் மூலம் சீனா. அங்கே ஏழாம் நூற்றாண்டில் டாங் வம்சத்து அரசர்களின் குடும்பப் பெயர் 'லீ'. சாதாக் கெண்டைக்கும் அவர்கள் மொழியில் அதே ஒலி. அரசன் பெயரைக் கொண்ட மீனைப் பிடிக்கலாமா, தின்னலாமா? கூடாது என்றார்கள். உழவர்கள் வேறு வழியில்லாமல் புல் கெண்டை, வெள்ளிக் கெண்டை என்று பல மீன்களைச் சேர்த்து வளர்க்கப் போய், ஒன்றை மட்டும் வளர்ப்பதை விட இது லாபம் என்று கண்டார்களாம். கதை எவ்வளவு நிஜமோ, வளர்ப்பு முறை நிஜம்.

நம் நாட்டில் 1957 ஜூலை 10 அன்று ஒடிசாவில் ஹிராலால் சௌதுரியும் அலிகுன்ஹியும் ஊசி மூலம் கெண்டைகளை முட்டையிட வைத்தார்கள். இன்றும் அந்த நாள் தேசிய மீன் விவசாயிகள் தினம். 1959-ல் வெள்ளிக் கெண்டையும் புல் கெண்டையும் வந்தன. 1971-ல் நாடு தழுவிய கூட்டு மீன் வளர்ப்பு ஆராய்ச்சித் திட்டம் தொடங்கியது. ஆறு மீன், ஒரு குளம். கட்லா மேல்மட்டத்தில் நுண்ணிய மிதவை உயிர்களைத் தின்னும். வெள்ளிக் கெண்டையும் மேல்மட்டம்தான், ஆனால் அதற்கு மிதக்கும் நுண்பாசி. ரோகு நடுமட்டம். புல் கெண்டைக்குப் புல்லும் நீர்ச்செடியும். மிர்காலும் சாதாக் கெண்டையும் அடிமட்டம். புல் கெண்டையின் சாணத்தில் குளமே உரம் பெற்று மற்றவற்றுக்கு உணவாகிறது. சேலம், நாமக்கல் பக்கத்துக் குளத்துக் குத்தகைக்காரர்களைக் கேளுங்கள், எழுதப் படிக்கத் தெரியாதவர்கூட எத்தனைக்கு எத்தனை விட வேண்டும் என்று விகிதம் சொல்வார். வெள்ளிக் கெண்டையை அதிகம் விட்டால் கட்லா இளைக்கும் என்பதையும் சொல்வார். இரண்டும் ஒரே மாடியில் குடியிருப்பவை அல்லவா?

மலை ஓடை தானாக எழுதிய விடையை மனிதன் குளத்தில் படித்து எழுதினான் என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் மாடி கணக்கு மட்டும் தெரிந்தால் போதாது என்பதற்கு ஓர் உதாரணம். கேரளத்தார் கரிமீன் என்றும் பள்ளத்தி என்றும் சொல்லும் இரண்டு மீன்கள் நம் கடலோர ஓடைகளிலும் காயல்களிலும் இலங்கையிலும் உண்டு. இரண்டும் பங்காளிகள். 1970-களில் இலங்கையில் வார்டு, வைமன் என்ற இரு ஆய்வாளர்கள் இவற்றை நீருக்குள்ளேயே கவனித்தார்கள். பள்ளத்தியின் குஞ்சு கரிமீனின் உடம்பில் ஒட்டியிருக்கும் ஒட்டுண்ணிகளைக் கொத்தித் துப்புரவு செய்கிறது, கரிமீன் அசையாமல் நின்று கொடுக்கிறது. அதே பள்ளத்தி பெரிதானால் கரிமீனின் முட்டையைத் தின்கிறது. அவை சேருமா, சேராதா? எந்த வயதில், எந்த மாதத்தில் என்று கேட்டால்தான் பதில் உண்டு. கடையில் ஒட்டியிருக்கும் பொருத்த அட்டவணையில் இதற்குக் கட்டம் கிடையாது.

இப்போது ஏற்காட்டுத் தொட்டிக்கு வருகிறேன். வாங்கிய பட்டியலைப் பாருங்கள். கோல்டு ஃபிஷ் சீனத்துக் குளங்களில் வளர்ந்தது, குளிர் தாங்கும். நிறையக் கழிவு போடும். நன்றாக வளர்த்தால் ஒரு சாணுக்கு மேல் நீளும். இரண்டடித் தொட்டி அதற்கு அறை இல்லை, பெட்டி. நியானும் ஏஞ்சலும் அமேசான்காரர்கள், தண்ணீர் குளிர்ந்தால் முகம் வாடும். ஒரே நதிக்காரர்கள்தானே என்று சேர்த்து விட்டால், அங்கேயும் ஏஞ்சல் நியான் போன்ற சிறுமீனைத் தின்று வாழ்வதுதான். வாய்க்குள் போகும் அளவுள்ளது எதுவோ அது இரை, இதில் பகை எதுவும் இல்லை. டைகர் பார்ப் சுமத்ராவிலிருந்து வந்தது. எட்டுப் பத்தாக இருந்தால் தங்களுக்குள்ளேயே துரத்தி விளையாடும். மூன்று நான்காக இருந்தால் அடுத்தவர் துடுப்பைக் கடிக்கும். வகுப்பில் கடைசி பெஞ்சுக்காரர்கள் மாதிரி இல்லை, அதற்கு நேர்மாறு, எண்ணிக்கை குறைந்தால்தான் தொல்லை. ஏஞ்சலுக்கும் ஃபைட்டருக்கும் தொங்கும் துடுப்பு. கடிப்பவனையும் தொங்கவிடுபவனையும் ஒரே அறையில் வைத்தாயிற்று.

ஃபைட்டர் சயாம் நாட்டிலிருந்து வந்தது. 1840-ல் அந்நாட்டு அரசர் தியோடர் கேண்டர் என்ற மருத்துவருக்குச் சிலவற்றைக் கொடுத்தார், அப்படித்தான் ஐரோப்பிய அறிவியலுக்கு அது அறிமுகமானது. ஆணோடு ஆண் சேராது என்பது பேரிலேயே இருக்கிறது. சக்கர் தென் அமெரிக்கக் கவச மீன். கடையில் சுண்டுவிரல் அளவு, வளர்ந்தால் ஓரடிக்கு மேல்.

'மிஸ் கேரளா' வாங்கலாமா என்று சிலர் கேட்பீர்கள். மேற்குத் தொடர்ச்சி மலை ஓடைகளின் அழகி அது. 1865-ல் டே அதற்குப் பெயர் வைத்தபோது, அன்றைய சென்னை கவர்னர் வில்லியம் டெனிசனின் பெயரைச் சூட்டினார். 1990-களுக்குப் பிறகு வெளிநாட்டு மோகத்தால் ஓடை ஓடையாக அள்ளி, இன்று அழியும் ஆபத்தில் உள்ள இனமாகிவிட்டது. இப்போது பண்ணையில் குஞ்சு பொரிக்க வைக்கிறார்கள். ஆனால் அரை அடி வரை வளரும், கூட்டமாக நீந்த நீளம் வேண்டும். நாலடித் தொட்டி இல்லாதவர்கள் படத்தில் பார்த்து ரசித்துக்கொள்ளுங்கள்.

ஏற்காட்டில் குளிர்கால இரவு 13 டிகிரி அளவுக்கு இறங்கும். வீட்டுக்குள் தொட்டித் தண்ணீர் அந்த அளவுக்குப் போகாது என்றாலும் பகலுக்கும் இரவுக்கும் ஏற்ற இறக்கம் இருக்கும். ஹீட்டர் வைக்கலாம். மலையில் காற்று மழையில் கரண்டு போனால் என்ன செய்வது? ஆகவே முதல் கேள்வி எந்த மீன் அழகு என்பதல்ல, ஹீட்டர் இல்லாமல் எது பிழைக்கும் என்பது. இங்கேதான் ஹாமில்டனின் புத்தகம் கை கொடுக்கிறது. வரிக்குதிரை மீன் 18 டிகிரியிலும் சுறுசுறுப்பாக ஓடும். அதற்குத் துணையாக, கடையில் 'ஒயிட் கிளவுட்' என்று விற்கும் மீன். சீனாவில் குவாங்சோ நகரை ஒட்டிய வெண்மேக மலை ஓடையில் டான் என்ற சாரணர் தலைவர் கண்டெடுத்து, 1932-ல் அவர் பெயராலேயே அறிவியல் பெயர் பெற்றது. மலைக்காரி, குளிருக்கு அஞ்சாதவள். உலகம் முழுக்கத் தொட்டிகளில் லட்சக்கணக்கில் இருக்கிறது, அந்த ஓடைகளில் ஏறக்குறைய இல்லாமல் போய்விட்டது.

அடிமட்டத்துக்கு நம் அயிரை. மதுரைக்காரர்கள் அதைக் குழம்பில்தான் பார்த்திருப்பார்கள், தொட்டியில் பார்த்ததில்லை. மெல்லிய மணல் போட்டு வைத்தால் முகத்தைப் புதைத்துச் செவுள் வழியாக மணலைத் துப்பும் அழகை மணிக்கணக்கில் பார்க்கலாம். இதன் அறிவியல் பெயரில் 'தெர்மாலிஸ்' என்று ஒரு சொல் உண்டு. திருகோணமலைக்குப் பக்கத்தில் கன்னியா வெந்நீரூற்றில் கிடைத்ததை வைத்து 1846-ல் வைத்த பெயர். வெந்நீர்க்காரன் என்று பெயர் வாங்கிய மீன் நம் குளிர்ந்த வாய்க்காலிலும் நிம்மதியாக இருக்கிறது. பெயரை வைத்து ஆளை எடை போடாதீர்கள் என்று வகுப்பில் சொல்வேனே.

இரண்டடி நீளம், ஓரடி அகலம், ஓரடி உயரம் என்றால் ஐம்பத்தைந்து லிட்டர் சுமார். வரிக்குதிரை ஏழெட்டு, வெண்மேகம் ஏழெட்டு, அயிரை நான்கு. ஒரே நாளில் அல்ல, இரண்டு வாரத்துக்கு ஒரு வகையாக. ரோசி பார்ப் ஆசை இருந்தால் மூன்றடித் தொட்டி வாங்கும்போது பார்த்துக்கொள்ளலாம். ஹீட்டரும் கரண்டுக்கு மாற்று ஏற்பாடும் இருக்கிறது என்றால் கணக்கே வேறு: நியான் பத்து, அடியில் சின்ன கோரிடோரஸ் நான்கைந்து, முடிந்தது. மலைத் தண்ணீர் பொதுவாக மென்னீர், நியானுக்கு அது பிடிக்கும். கப்பியும் மோலியும் கடினநீர்க்காரர்கள். கீழே சேலத்தில் போர்வெல் தண்ணீரில் கொழிக்கும் அதே கப்பி மேலே போனால் சோர்ந்துவிடுவதைப் பார்த்துக் கடைக்காரரைத் திட்டாதீர்கள்.

மூடி அவசியம். 1791-ல் தரங்கம்பாடியில் டால்டார்ஃப் என்ற டேனிஷ் அதிகாரி, பனைமரத்தில் பனையேறிக் கெண்டை ஒன்று தண்ணீருக்கு மேலே ஐந்தடி உயரத்தில் ஏறிக்கொண்டிருந்ததைப் பார்த்ததாக எழுதி, லண்டனில் லின்னேயஸ் சங்கத்து இதழில் 1797-ல் அது அச்சாகி, நூறு வருடம் அறிஞர்கள் அதைப் பற்றிச் சண்டை போட்டார்கள். வரிக்குதிரை மீன் மரம் ஏறாது. ஆனால் தாவும்.

ஓடையில் போய் வலை போட்டு மீன் பிடித்துத் தொட்டியில் விடலாமே என்று சிலர் கிளம்புவீர்கள். காப்புக்காட்டு ஓடைகளில் அனுமதியில்லாமல் பிடிப்பது குற்றம். அயிரையைக் கீழே மீன் வளர்ப்பவர்களிடம் உயிரோடு வாங்குங்கள்.

மீதமான மீன் விஷயம் ஒன்று பாக்கி. இதற்காகத்தான் இவ்வளவு நேரம் ஏரிக்கதை சொன்னேன். சக்கர் தொட்டிக்குக் கொள்ளாமல் போனதும் இரக்கப்பட்டுக் குளத்தில் விடுகிறவர்கள் உண்டு. அப்படி விட்டுத்தான் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் கொல்கத்தாவிலும் நீர்நிலைகளில் அது வலைக்காரர்களுக்கு வினையாகியிருக்கிறது. முள் கவசம் வலையைக் கிழிக்கும், வாங்க ஆளில்லை, கரையைக் குடைந்து வளை போட்டுக் குஞ்சு பொரிக்கும். ஆப்பிரிக்கக் கெளுத்தியை மத்திய அரசு 2000-லேயே தடை செய்தும், இன்றுவரை குளங்களில் இருந்து அதை எடுத்து முடியவில்லை. ஏற்காடு ஏரி நிறைந்து வழிந்தால் அந்தத் தண்ணீர் கிளியூர் அருவியில் விழுகிறது. மேலே ஏரியில் விடும் ஒரு ஜோடி அங்கேயே நிற்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. அருவிக்குக் கீழே ஓடையில் பாறையைப் பிடித்துக்கொண்டு இருக்கும் விரல் நீள மீனுக்குப் போட்டி போட வேறு இடம் கிடையாது. ஆகவே வேண்டாத மீனைக் கடைக்காரரிடமே திருப்பிக் கொடுங்கள், பலர் வாங்கிக்கொள்வார்கள். இல்லையென்றால் பெரிய தொட்டி வைத்திருக்கும் நண்பரிடம் கொடுங்கள். ஏரிக்கு மட்டும் வேண்டாம்.

இனி உங்கள் முறை. ஹாமில்டன் வங்காள மீனவர்கள் வாயிலிருந்து கேட்டெழுதிய பெயர்கள்தான் இன்று உலகமே சொல்லும் 'டேனியோ', 'புன்டியஸ்', 'கட்லா', 'ரோகு' எல்லாம். நம் மலையில், நம் வாய்க்காலில் கூட்டமாக ஓடும் அந்தக் கோடு போட்ட சிறுமீனுக்கும், கல்லோடு ஒட்டிக்கொள்ளும் மீனுக்கும், நெற்றியில் வெள்ளிப்பொட்டு வைத்த கிணற்று மீனுக்கும் ஊருக்கு ஊர் பெயர் உண்டு. சேர்வராயன் மலைக் கிராமத்துப் பிள்ளைகளே, வாணியாறு, திருமணிமுத்தாறு ஓரம் வளர்ந்தவர்களே, சின்ன வயதில் துண்டைப் பிடித்து அரித்தீர்களே, அப்போது அவற்றை என்ன சொல்லிக் கூப்பிட்டீர்கள்? வீட்டில் அப்பத்தா, அம்மாயி இருந்தால் அவர்களிடமும் கேட்டு, ஊர்ப் பெயரோடு கமெண்டில் எழுதுங்கள். நான் ஒரு நோட்டில் குறித்துக்கொண்டு வருகிறேன். இதுவரை பதினொன்று சேர்ந்திருக்கிறது.